கொத்தனாரும் பசுமைச் சான்றிதழும்

2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள், ஐதராபாத்தில் ஒரு கட்டடத்தை அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். இந்தியத் தொழிற் கூட்டமைப்பும் கோத்ரெஜ் குழுமமும் ஆந்திர அரசும் கூடி எழுப்பிய பசுமைத் தொழில் நடுவம் அது. இராமேசுவரத்துத் தமிழர் திறந்தார் என்பதற்காக மட்டும் இதை நினைவூட்டவில்லை. எட்டுத் திங்கள் முன்னரே, 2003 நவம்பரில், அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' அளவுகோலில் 69 மதிப்பெண்ணுக்கு 56 பெற்று, பிளாட்டினம் என்னும் மேல்நிலைத் தகுதியை அக்கட்டடம் அடைந்திருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தகுதி பெற்ற முதற் கட்டடம் அதுவே. அதனோடு நம் நாட்டில் ஒரு புதிய தொழிலும் வேரூன்றலாயிற்று. அத்தொழிலுக்கு ஆளைப் பயிற்றிச் சான்றளிக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதே நம் பேச்சு.

கட்டடத்துக்கு மதிப்பெண் இடும் முறை 1990இல் இங்கிலாந்தில் 'பிரீம்' என்ற பெயரில் தோன்றியது. அமெரிக்க மன்றம் 1993இல் அமைந்தது. அதன் அளவுகோல் 1998இல் வெள்ளோட்டம் கண்டது. மின்சாரம் எவ்வளவு செலவாகும், மழைநீர் எங்கே செல்லும், கட்டுமானப் பொருள்கள் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தன, அறைக்குள் காற்றின் தூய்மை எத்தகையது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று காட்டியாக வேண்டும். இக்கணக்கைத் திரட்டித் தர ஆள் வேண்டுமல்லவா? எனவே 2001இல் அங்கே தனிமனிதர்க்குத் தேர்வு வைத்தனர். தேறியவர் ஒருவர் குழுவில் இருந்தால் கட்டடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது. பொறியாளர் பலரைத் தேர்வு மண்டபத்துக்கு அனுப்பியதில் அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அதே 2001இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் ஐதராபாத்தில் நிறுவப் பெற்றது. பின்னர் அதுவும் பயிற்சி வகுப்புகளும் தகுதித் தேர்வும் நடத்தலாயிற்று. 2007இல், எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் நடுவண் அரசும் 'கிரிஹா' என்னும் நம் நாட்டு அளவுகோலைக் கொணர்ந்தன. குளிர்சாதனம் இல்லாத கட்டடங்களையும், நம் நாட்டின் பலவகைத் தட்பவெப்பத்தையும் கருத்திற் கொண்டு அமைந்தது அது. அதற்கும் தனிப் பயிற்சியும் தேர்வும் வந்தன.

இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் நலம். இச்சான்றிதழ்கள் கற்றமைக்கு அடையாளங்கள். சட்டம் தரும் உரிமங்கள் அல்ல. 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டப் பெயரைக் காப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். எரிசக்தித் தணிக்கையாளர் என்ற தகுதியோ 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழி வந்தது. அதற்கான நாடு தழுவிய தேர்வு 2004இல் தொடங்கியது; மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு. தில்லியிலோ புனேயிலோ வேலை தேடும் நம் இளைஞர், கட்டணம் செலுத்துமுன் எந்தச் சான்று எந்தக் கதவைத் திறக்கும் என்று கேட்டறிவது கடன்.

இனி வரலாற்றின் மறு பக்கத்துக்கு வருவோம். ஐதராபாத்துக் கட்டடத்தின் சிறப்புகள் எவை? காற்றைக் குளிர்வித்து உள்ளே இறக்கும் கோபுரங்கள், வெயிலைச் சல்லடையிட்டு அனுப்பும் ஜாலிச் சுவர்கள், நடுவே முற்றம், கூரைமேல் தோட்டம். இவற்றுட் பல நம் முன்னோர் அறிந்தவை. முற்றத்தின் அருமையை நமக்கு அமெரிக்க அளவுகோல் வந்தா சொல்ல வேண்டும்? ஆயினும் அறிந்த கைகளுக்குச் சான்று தருவார் இலர்.

அந்தக் கைகளைப் பயிற்றும் முயற்சி ஐதராபாத்துக்கு முன்பே கேரளத்தில் தொடங்கியிருந்தது. 1917இல் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கி, 1989இல் இந்தியக் குடிமகனானார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைக் கேரளத்தில் பரப்பினார். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். நேராகக் கட்டப் பல நாள் பழக வேண்டும். பேக்கர் பணித்தலத்திலேயே நின்று கொத்தனார்களோடு பேசி வேலை வாங்கினார். அவரது வழியில் 1985இல் திருச்சூரில் 'காஸ்ட்போர்டு' அமைந்தது. அக்காலத்திலேயே கொல்லத்தில் 'நிர்மிதி கேந்திரம்' தோன்றி, குறைந்த செலவுக் கட்டுமானத்தில் தொழிலாளரைப் பயிற்றியது. 1988இல் அந்த மாதிரி நாடு முழுவதற்குமான கட்டட நடுவத் திட்டமாக விரிந்தது. 'பசுமை' என்ற சொல் அப்போது வழக்கில் இல்லை. சிக்கனம் என்றார்கள், இரண்டும் பெரும்பாலும் ஒன்றே.

பேக்கர் 2007 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

தேர்வு எழுதும் கைக்கும் கரணை பிடிக்கும் கைக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் குறையவில்லை. ஏட்டுக் கல்வி இன்றி வேலையிலேயே தொழில் கற்றவருக்கு, அத்திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ப்புத் திட்டத்தில் இடம் பெற்றது. 'முன்கற்றலை ஏற்றல்' என்பது அதன் கருத்து. பெங்களூரிலும் மும்பையிலும் சாரத்தின் மேல் நிற்கும் நம்மவர் எத்தனை பேர் இதனைக் கேள்வியுற்றிருப்பார்கள்? அவர்களுக்கு மேலே பொறியாளராக இருக்கும் அன்பர்கள் நாளைக் காலையே கேட்டுப் பார்க்கலாம்.