தோலும் தீட்டும்

தோலிலே பை தைப்பதும் கத்திக்கு உறை தைப்பதும் இந்நாட்டவர்க்கு ஒரு பொழுதுபோக்கு. வங்கி எழுதுநர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபாற்காரர் என்று யார் யாரோ சனி ஞாயிறுகளில் சமையலறை மேசையில் தோலை விரித்துக்கொண்டு குத்தூசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கெனத் தனிக் கடைகளே உண்டு. அங்கே தோல், ஊசி, தேன்மெழுகு, துளையிடும் கருவி எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும். பிறந்தநாட் பரிசாகவும் கொடுக்கிறார்கள்.

நாம் சிலர் இதில் இறங்கியதற்குக் காரணம் கலையார்வம் அல்ல. மொன்றியல் றெஸ்ரோறன்டுகளில் கோப்பை கழுவத் தொடங்கி, சில வருடங்களில் மரக்கறி வெட்டும் மேசைக்கும் பின்னர் அடுப்படிக்கும் உயர்ந்தவர்கள் நாம். இங்கே பல சமையலறைகளில் கத்தி முதலாளியினது அல்ல. சமையற்காரன் தன் கத்தியைத் தானே வாங்கி, தானே தீட்டி, வேலை முடிந்ததும் தானே காவிக்கொண்டு போகிறான். பழைய துவாயிலும் கடதாசி மட்டையிலும் சுற்றிய பத்தங்குலக் கத்தியோடு கடைசி மெற்றோவில் ஏறும் கறுத்த மனிதனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒழுங்கான உறையில் இருந்தால் அது ஒரு தொழிலாளியின் கருவியாகத் தெரிகிறது. ஆகவே உறை தைக்கத் தொடங்கினோம்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் அறைக்கு வந்த பெரியவர் ஒருவர், மேசையில் கிடந்த தோலையும் ஊசியையும் கண்டு கதிரையில் உட்காராமலே கேட்டார்: "உதென்ன தம்பியவை, சக்கிலியன்ரை வேலை?" நல்ல மனிதர். நாட்டில் நடந்த அநியாயங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். அன்று தேத்தண்ணியும் குடியாமல் போய்விட்டார். அவருடைய கேள்வியை ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஒரே குத்தூசி ஓரிடத்தில் பொழுதுபோக்காகவும் இன்னோரிடத்தில் சாதியாகவும் ஆனது எவ்வாறு?

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதை இழிவென்று சொல்பவர்கள் எவரும் அதைச் செய்து பார்த்ததில்லை. உறைக்கு மூன்று மில்லிமீற்றர் அளவு தடிப்பான தோல் வேண்டும். அதுவும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்க வேண்டும். இன்று உலகில் விற்கும் தோலிற் பெரும்பங்கு குரோமிய உப்பிற் பதனிட்டது. அது மெத்தென்றிருக்கும், சப்பாத்துக்கும் கைப்பைக்கும் நல்லது, ஆனால் கத்தியின் வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பட்டைத்தோலை இளஞ்சுடுநீரில் நனைத்து, மெல்லிய பிளாஸ்ரிக்கில் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து விரலால் அழுத்தி இரவு முழுக்கக் காயவிட்டால், மறுநாள் அந்தக் கத்தியின் உருவம் அதிற் பதிந்து நிற்கும். பிறகு அந்தக் கத்தியைத் தவிர வேறெதுவும் அதற்குப் பொருந்தாது.

கத்தியின் வெட்டுவாய் வரும் பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒடுக்கமான மூன்றாவது பட்டியொன்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் நூலை அறுக்கும். பின்பு தையல். ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் துளையிட்டு, அந்த ஒரே துளையூடாக இரண்டு ஊசியையும் எதிரெதிர்த் திசையில் இழுக்க வேண்டும். இப்படித் தைத்தால் ஓரிழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தின் தையலோ ஓரிடத்தில் அறுந்தால் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். குதிரைச் சேணம் தைத்தவர்கள் கண்டுபிடித்த முறை இது, இன்றுவரை இதை வெல்ல இயந்திரம் இல்லை. துளைகள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஒரு சாண் நீளத் தையலுக்கு ஒரு பின்னேரம் போய்விடும். (இவ்வளவு செய்தும், கத்தியை நாட்கணக்காக உறைக்குள் விட்டுவைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து உருக்கைத் துருவாக்கும். கொண்டு போவதற்கே உறை.)

இந்த மண்ணில் கத்தியுறை நாமோ பிரெஞ்சுக்காரரோ கொண்டுவந்த பொருளல்ல. இங்குள்ள ஆதிக்குடிகள் மான்தோலை அதன் மூளையைக் கொண்டே பதப்படுத்திப் புகையூட்டி, முள்ளம்பன்றி முட்களால் அழகு செய்து, கழுத்தில் தொங்கும் உறைகளைச் செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை சில இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

மொன்றியலிலேயே தோலுக்கென்று ஓர் ஊர் இருந்தது. இன்று மெற்றோவிலே 'பிளாஸ் சென் ஹென்றி' என்று அறிவிக்கப்படும் இடத்துக்கு அண்மையில், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடுவோர் வந்து குடியேறினார்கள். மதில் சூழ்ந்த பட்டினத்துக்கு வெளியே, ஓடைத் தண்ணீர் கிடைக்கும் இடமாகப் பார்த்துத்தான் குடியேறினார்கள். பச்சைத்தோலின் நாற்றம் அப்படிப்பட்டது. சுண்ணாம்புக் குழி, மயிர் வழிக்கும் கத்தி, பட்டை ஊறும் தொட்டி ஆகியவற்றைக் கொண்ட தொழில் பல நாடுகளிலும் ஊருக்கு வெளியேதான் இருந்திருக்கிறது. இங்கே பயன்பட்டது 'ப்றூஷ்' என்னும் ஊசியிலை மரத்தின் பட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தொழில் ரொலான் லெனுவார் என்னும் குடும்பத்தின் கையில் தழைத்தது. ஊரே 'ரொலான்களின் தோல்பட்டறை' என்ற பொருளில் 'தனெறி தே ரொலான்' எனப்பட்டது. லசீன் கால்வாய் 1825இல் திறந்தது, ஆலைகள் வந்தன, 1875இல் சென் ஹென்றி ஒரு நகரசபையாயிற்று, 1905இல் மொன்றியலுடன் இணைந்தது. பட்டறைகள் மண்ணுக்குள் போயின.

2015இல் ரேர்க்கோ நெடுஞ்சாலைச் சந்தியைப் புதிதாகக் கட்ட நிலத்தைத் தோண்டியபோது அந்தத் தோலூரின் கல் அத்திவாரங்கள் வெளிப்பட்டன. அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் குரலெழுப்பினார்கள். வீதி வேலை நிற்கவில்லை. பதிவு செய்து, பொருட்களை எடுத்து, எஞ்சியதைக் கலைத்தார்கள். ஆனால் நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. தோல் பதனிட்டவனின் வீட்டு அத்திவாரத்துக்காக ஒரு நகரம் வாதாடியது. அவன் வேலை நாறியது, அவன் ஊருக்கு வெளியே இருந்தான், எல்லாம் உண்மை. ஆனால் அவன் மகன் அந்தத் தொழிலை விட்டுப் போனால் நாற்றமும் அவனை விட்டுப் போயிற்று. குடும்பத்தின் பெயர் ஊரின் பெயராயிற்று.

எங்கள் பக்கத்தில் நடந்தது நேரெதிர். அங்கே தொழிலின் பெயர் ஒரு வசையாயிற்று.

குத்தூசியைப் பற்றித் தமிழிலுள்ள மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று புறநானூற்றின் 82ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் சாத்தந்தையார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு செய்த போரின் வேகத்தைச் சொல்ல வந்த புலவர், கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவனின் கையைக் காட்டுகிறார். ஊரிலே திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டிலே மனைவிக்குப் பிள்ளைப்பேறு. மழை வேறு பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் அவன் கையிலுள்ள ஊசி எப்படிப் பாய்கிறதோ, அதைவிட வேகமாம் அரசனின் போர். உவமையின் கூர்மை வேலை செய்தவனை அருகிலிருந்து பார்த்தவனுக்கே வரும். ஆயினும் அந்தத் தொழிலாளிக்குப் புலவர் கொடுக்கும் பெயர் 'இழிசினன்'. அக்காலத்தில் இச்சொல்லுக்கு இன்றைய கொடுமை இல்லை என்று வாதிடுவோர் உளர். இருக்கலாம். ஆனால் அதன் வேரை யாரும் மறைக்க முடியாது. அரசனுக்குப் பெயர் இருக்கிறது, மல்லனுக்கு ஊர் இருக்கிறது. ஊசி பிடித்தவனுக்குத் தாழ்வு மாத்திரமே இருக்கிறது.

நம்மைத் தொந்தரவு செய்வது இன்னொன்று. மனைவி நோவிற் கிடக்கும்போதும் அவனால் ஏன் எழுந்து போக முடியவில்லை? பொழுதுபோக்காளன் எழுந்து போவான். தொலைபேசி அடித்தால் ஊசியைக் கீழே வைப்பான், ஒரு மாதம் தொடாமலும் இருப்பான். சாதிக்கும் பொழுதுபோக்குக்கும் உள்ள வேறுபாடு கைவினையில் இல்லை. ஊசியைக் கீழே வைக்கும் உரிமையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று எண்ணும்போது ஐந்து சாதியைச் சொல்வோம். செருப்புத் தைத்தவர்கள் அந்த ஐந்துக்குள்ளும் வரவில்லை. பட்டினத்தின் சந்தையடியில் சாக்கை விரித்திருந்த அவர்களிற் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்களின் உறவினர்தான் பட்டினத்தின் குப்பையையும் மலவாளியையும் சுமந்தார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுவோரும் இவர்களைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. கள்ளுச் சீவுபவரின் இடுப்பில் தொங்கிய கத்திக்கூட்டை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நல்ல கத்தியுறை ஒன்றை ஊரில் கண்டதென்றால் அதுதான். அது யாருடைய கைவேலை என்று கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், றப்பர்ச் செருப்புக்கு நாம் வழங்கும் 'பாட்டா' என்ற பெயர்கூடச் செக் நாட்டுச் சப்பாத்துக்காரக் குடும்பமொன்றின் பெயர். அக்குடும்பத்தின் தோமஸ் பாட்டா 1939இல் நாசிகளுக்குத் தப்பிக் கனடாவுக்கு வந்தவர். ஒன்ராறியோவில் அவர் அமைத்த ஊருக்குப் 'பாட்டாவா' என்று பெயர்.

தமிழ்நாட்டில் தோல் சாதியோடு மட்டும் நிற்கவில்லை, ஏற்றுமதிப் பொருளும் ஆயிற்று. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த மதராஸ் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. குரோமியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அங்கிருந்த குரோம் தோற் தொழிற்சாலையால் வந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கும் பட்டறைகள் எழுந்தன. வணிகர் வேறு, குழிக்குள் இறங்கியவர் வேறு. பாலாறு கெட்டது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் கண்டித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. மொன்றியலில் பழைய தோலூரின் கற்கள் வெளிப்பட்ட அதே 2015இன் சனவரி முடிவில், ராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துப் பட்டறையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் கழிவுக்குள் மூழ்கி இறந்தார்கள்.

இதற்கிடையில் தோல் விஞ்ஞானமும் ஆயிற்று. சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் இயக்குநராக 1958 முதல் இருந்தவர் நாயுடம்மா. குண்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். அமெரிக்காவில் தோல் வேதியியல் படித்தவர். பின்னர் இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவருமானார். கிராமத்துத் தொழிலாளியின் முறையும் ஆய்வுகூடமும் சந்திக்க வேண்டும் என்று நம்பியவர். அவரைப் போன்றவர்களால் நடந்த நல்ல காரியம், எந்தச் சாதிப் பிள்ளையும் வெள்ளை அங்கி அணிந்து தோலைத் தொடலாம் என்றானது. நடக்காத காரியம், வெள்ளை அங்கி இல்லாமல் தொட்டவனின் தீட்டுப் போகாதது. அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2009இல்தான் சட்டமாக்கியது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2024இற் கூறும்வரை அதன்மேல் வழக்கு இருந்தது.

நாம் இங்கே கோப்பை கழுவுகிறோம் என்பதை ஊருக்கு எழுதுவதில்லை. எழுதினால் கலியாணப் பேச்சுக் குழம்பும். ஆனால் நம் பிள்ளைகளை இந்நகரத்தில் யாரும் 'கோப்பை கழுவி' என்று அழைக்கப் போவதில்லை. அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டே பெரியவரின் கேள்வியைக் கேட்கிறவர்கள் நம்மிடையே அதிகம்.

நாயுடம்மாவின் கதை மொன்றியலோடு முடிகிறது. 1985 யூன் 22ஆம் திகதி இரவு மிராபெல் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட எயர் இந்தியா 182, மறுநாள் அயர்லாந்துக் கரைக்கப்பால் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. இறந்த 329 பேரில் அவரும் ஒருவர். அவர்களுக்காக லசீனில் ஒரு நினைவிடம் இருக்கிறது. தோலூர் இருந்த சென் ஹென்றியிலிருந்து கால்வாய்க் கரையோரமாகவே சைக்கிளில் அங்கே போய்விடலாம்.