பெயரெழுதாத தூரிகை

மகாராஷ்டிரத்தில் வாகோரா ஆறு குதிரை லாடம்போல் வளைந்தோடும் பள்ளத்தாக்கிலே அஜந்தாக் குகைகள் அமைந்துள்ளன. மழைக்காலத்தில் பயணம் ஒழிந்து ஓரிடத்தில் தங்குவது பௌத்தத் துறவியர் நெறி; அதற்கு ஏற்ற தனிமை இங்கு வாய்த்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய பணி, கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தில் உச்சம் எய்தியது. கொடையளித்தோர் பெயர்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தூரிகை பிடித்தோர் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை.

1819-இல் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இக்குகைகளைக் கண்டார். பத்தாம் குகையில் ஓவியத்தின்மேலேயே தம் பெயரைக் கீறினார். அக்கீறல் இன்றும் உளது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் ஒருமுறை அங்குச் செல்க. முதற்குகையில், தாழ நோக்கும் பதுமபாணியின் விழிகளின்முன் சிறிது நேரம் பேசாது நிற்பீராயின், பெயரை நிறுத்தும் ஆசை தானே அடங்கும்.