634-வது கண்ணி: ஒரு புரோட்டீனும் காத்திருந்த குடும்பங்களும்

இன்னைக்கு எபிசோடு ஒரு கேன்சரோட வரலாறு. கேன்சர் வந்தவங்க இதுல வருவாங்க. ஆனா அதைவிட அதிகமா, ‘எனக்கும் வருமா?’ன்னு தெரியாம வருஷக்கணக்கா காத்திருந்தவங்களைப் பத்திப் பேசப்போறோம்.

கதை 1886-ல ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துல ஆரம்பிக்குது. 18 வயசுப் பெண் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. திடீர் திடீர்னு படபடப்பு, தலைவலி, முகம் வெளுத்துப்போறது. கொஞ்ச நாள்ல இறந்துபோயிடறாங்க. ஃபெலிக்ஸ் ஃப்ராங்கல்ங்கிற டாக்டர் இந்தக் கேஸை விவரமா எழுதிவைக்கிறார். பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது இதுதான்: ரெண்டு அட்ரினல் சுரப்பிகள்லயும் கட்டி.

அட்ரினல்ங்கிறது சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சின்ன சுரப்பி. நாம பயப்படும்போது நெஞ்சு படபடக்குதே, அதுக்கான ஹார்மோன் அங்கிருந்துதான் வருது. அதுல கட்டி வந்தா, பயப்பட ஒண்ணுமே இல்லாதப்பவும் உடம்பு பயந்த மாதிரியே நடந்துக்கும். இந்தக் கட்டிக்கு 1912-ல ‘ஃபியோகுரோமோசைட்டோமா’ன்னு பேர் வெச்சாங்க.

இதுல ஒரு துப்பு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் கட்டின்னா தற்செயல்னு சொல்லலாம். ரெண்டு பக்கமும் வந்திருந்தா, பிறக்கும்போதே ஏதோ கூட வந்திருக்கலாம்னு சந்தேகப்படணும். 1886-ல அந்தச் சந்தேகம் வர்றதுக்கான அறிவியலே கிடையாது.

புள்ளிகள் சேருது

அடுத்த துப்பு கிடைக்க ரொம்ப வருஷம் ஆச்சு. 1959-ல அமெரிக்காவின் கிளீவ்லாந்துல ஹேசார்டு, ஹாக், க்ரைல்னு மூணு டாக்டர்கள் தைராய்டு கேன்சர்ல ஒரு தனி வகையைப் பிரிச்சுக் காட்டினாங்க. அதுதான் மெடுல்லரி கேன்சர். 1961-ல ஜான் சிப்பிள்ங்கிற டாக்டர், அட்ரினல் கட்டி இருக்கிறவங்களுக்குத் தைராய்டு கேன்சரும் சேர்ந்து வர்றது தற்செயலா நடக்கிறதைவிட ரொம்ப அதிகம்னு எழுதினார். கழுத்துல ஒண்ணு, சிறுநீரகத்துக்கு மேல ஒண்ணு. எங்கேயோ ஒரு கனெக்‌ஷன் இருக்கு.

1968-ல இதுக்கு ஒரு பேர் வந்துச்சு: மல்டிபிள் எண்டோகிரைன் நியோப்ளேசியா டைப் 2. சுருக்கமா எம்இஎன்-2. ஒண்ணுக்கு மேற்பட்ட நாளமில்லாச் சுரப்பிகள்ல கட்டி வர்ற பரம்பரை நோய்னு அர்த்தம்.

பரம்பரைன்னா எப்படி? அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா போதும். பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் காசை சுண்டிவிடற மாதிரி. மூத்த பிள்ளைக்கு வந்ததால இளையவருக்கு வராதுன்னு ஒண்ணும் கிடையாது.

வருஷா வருஷம் ஒரு பரீட்சை

இப்போ அந்தக் குடும்பங்களோட இடத்துல இருந்து பாருங்க. அப்பாவுக்கு இருக்கு. நாலு பிள்ளைகள். யாருக்கு வரும்?

1960-கள்ல ஒரு வழி கிடைச்சது. தைராய்டுல ‘சி செல்’னு ஒரு வகை செல் இருக்கு, மெடுல்லரி கேன்சர் அதுலேர்ந்துதான் வருதுன்னு 1966-ல வில்லியம்ஸ்ங்கிறவர் சொன்னார். அந்த செல் கால்சிடோனின்ங்கிற ஹார்மோனைச் சுரக்கும். அப்போ ரத்தத்துல கால்சிடோனின் அளவைப் பார்த்தா கேன்சரைச் சீக்கிரமே பிடிச்சிடலாமே!

லாஜிக் சரிதான். ஆனா நடைமுறை கஷ்டம். பெண்டாகாஸ்ட்ரின்ங்கிற மருந்தை ஊசியில ஏத்தி, சுரப்பியைத் தூண்டிவிட்டு, சில நிமிஷ இடைவெளியில திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கணும். ஊசி போட்டதும் முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், குமட்டும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயசுலேர்ந்து வருஷா வருஷம் நடக்கும். இந்த வருஷம் நார்மல்னு வந்தா நிம்மதியா? இல்லை. அடுத்த வருஷமும் வரணும்னுதான் அர்த்தம். ‘உனக்கு வராது, போயிட்டு வா’ன்னு சொல்ற பரீட்சை அது கிடையாது. ‘இன்னும் வரலை’ன்னு மட்டும்தான் சொல்லும்.

இதுல பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பிழை வரவே இல்லை. ஆனா அது அவங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ரெட்: இது சிவப்பு இல்ல

இதே நேரத்துல பாஸ்டன்ல சம்பந்தமே இல்லாத ஒரு ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. ஜப்பானிலிருந்து வந்த மசாஹிதே தகாஹாஷி, ஜெஃப்ரி கூப்பரோட லேப்ல, மனுஷக் கட்டியோட டிஎன்ஏவை எலி செல்களுக்குள்ள செலுத்திப் பார்க்கிறார். சில செல்கள் கேன்சர் செல்லா மாறுது. எந்த ஜீன்னு தேடிப்போனா, ரெண்டு துண்டு ஒட்டிப்போன ஒரு ஜீன் கிடைக்குது. வேடிக்கை என்னன்னா, அந்த ஒட்டு மூலக் கட்டியில இல்லவே இல்லை. பரிசோதனை நடக்கும்போதே உருவானது. அதனால அந்த நிகழ்வையே சுருக்கிப் பேரா வெச்சாங்க: ‘ரீஅரேஞ்ச்டு ட்யூரிங் ட்ரான்ஸ்ஃபெக்‌ஷன்’, அதாவது ரெட். வருஷம் 1985.

எம்இஎன்-2 குடும்பங்களுக்கும் ரெட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்போ யாருக்கும் தெரியாது. 1987-ல அந்தக் குடும்பங்களோட பிழை 10-வது குரோமோசோம்லதான் எங்கேயோ இருக்குன்னு தெரிஞ்சது. ஊர் தெரிஞ்சது, தெரு தெரியலை. தெருத்தெருவா தேடறதுக்கு ஆறு வருஷம் ஆச்சு.

1993 ஜூன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ல புரூஸ் பாண்டரோட குழு, ‘நேச்சர்’ இதழ்ல ஒரு கட்டுரை வெளியிடுது. முதல் பெயர் லோயிஸ் மல்லிகன், மூலக்கூறு உயிரியலாளர். 23 எம்இஎன்-2ஏ குடும்பங்களைப் பார்த்தாங்க. 20 குடும்பங்கள்ல ரெட் ஜீன்ல பிழை இருந்துச்சு. அந்த 20-ல 19, புரோட்டீனோட ஒரே இடத்துல. அதே வருஷம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ்ல ஹெலன் டோனிஸ்-கெல்லரோட குழுவும் தனியா இதே முடிவுக்கு வந்தாங்க.

அந்த ஒரு கண்ணி

புரோட்டீனை ஒரு சங்கிலியா நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். ரெட்ல சுமார் 1,100 கண்ணிகள். அந்த 19 குடும்பங்கள்ல கெட்டுப்போனது 634-வது கண்ணி. அங்கே இருக்க வேண்டியது சிஸ்டீன்.

சிஸ்டீன்ல கந்தகம் இருக்கு. ரெண்டு சிஸ்டீன் பக்கத்துல வந்தா கந்தகமும் கந்தகமும் கைகோத்துக்கும். பார்லர்ல ஹேர் ரீபாண்டிங் பண்றாங்களே, அதுல உடைச்சு மறுபடி சேர்க்கிறது இதே வகைப் பிணைப்பைத்தான். முடிக்குள்ள இருக்கிற கெரட்டின்ல நடக்கிறது அது. ரெட்ல இந்தப் பிணைப்புகள்தான் புரோட்டீனைச் சரியான வடிவத்துல மடிச்சு வைக்குது.

ரெட்டோட வேலை ஒரு காலிங் பெல் மாதிரி. செல்லோட சுவர்ல பதிஞ்சிருக்கும். வெளியிலேர்ந்து செய்தி வரும்போது ரெண்டு ரெட் சேரும், உள்ளே பெல் அடிக்கும், ‘வளரு’ன்னு செல்லுக்கு உத்தரவு போகும். வேலை முடிஞ்சா நின்னுடும்.

634-வது சிஸ்டீன் போயிட்டா என்ன ஆகும்? அதோட ஜோடியா இருந்த சிஸ்டீன் தனியா நிக்கும். அது பக்கத்துல இருக்கிற இன்னொரு ரெட்டோட கையைப் பிடிச்சுக்கும். அப்புறம் விடாது. வாசல்ல யாருமே இல்லை, ஆனா சுவிட்ச் அமுங்கியே கிடக்குது. உள்ளே பெல் ராத்திரி பகலா அடிக்குது. 1995-ல ‘சயின்ஸ்’ இதழ்ல மாசிமோ சாந்தோரோவும் அவர் குழுவும் இதைப் பரிசோதனையில காட்டினாங்க.

இதே ரெட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 1886-ல, ஃப்ராங்கல் கேஸ் எழுதின அதே வருஷம், ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ருங்ங்கிற டென்மார்க் டாக்டர் மலம் கழிக்க முடியாம வயிறு வீங்கின குழந்தைகளைப் பத்திப் பேசினார். பெருங்குடல்ல நரம்பு செல்கள் போய்ச் சேராததுதான் காரணம். 108 வருஷம் கழிச்சு, 1994-ல தெரிஞ்சது: அந்தக் குழந்தைகள்ல பலருக்கும் ரெட் ஜீன்லதான் பிழை. இங்கே பெல் அடிக்கவே இல்லை.

618, 620 மாதிரி சில கண்ணிகள்ல பிழை வந்தா, ஒரே குடும்பத்துல ரெண்டு நோயுமே வரலாம். புரோட்டீன் சரியா மடியாததால செல்லோட சுவருக்கே குறைவாத்தான் போய்ச் சேருது. போய்ச் சேர்ற கொஞ்சமும் ஒட்டிக்கிட்டு விடாம அடிக்குது. குடலுக்குப் பத்தலை, தைராய்டுக்கு அதிகம். அதனாலதான் ‘ஜீன்ல பிழை இருக்கு’ன்னு மட்டும் சொன்னா பத்தாது. எந்தக் கண்ணி, அது புரோட்டீனை என்ன பண்ணுதுன்னும் தெரியணும்.

காசு எந்தப் பக்கம் விழுந்தது?

1993-க்கு அப்புறம் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும்னு ஆச்சு. 1994-ல நெதர்லாந்து டாக்டர்கள் பழைய முறையையும் புது முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கால்சிடோனின் நார்மல்னு வந்த சில பிள்ளைகளுக்கு ஜீன்ல பிழை இருந்துச்சு, தைராய்டுல சின்னதா கேன்சரும் ஆரம்பிச்சிருந்தது. இன்னொரு பக்கம், கால்சிடோனினை நம்பி தைராய்டை எடுத்துட்ட சிலருக்கு ஜீன்ல பிழையே இல்லை.

பிழை இருக்கிற பிள்ளைகளுக்கு, கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே தைராய்டை எடுத்துடலாம்னு செயின்ட் லூயிஸ்ல சாமுவேல் வெல்ஸ் வழிகாட்டினார். ஓடியாடி விளையாடற ஒரு குழந்தையோட தைராய்டை, ஒரு லேப் ரிப்போர்ட்டை நம்பி எடுக்கணும். அப்புறம் ஆயுசுக்கும் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை. பெத்தவங்களுக்கு அது லேசான முடிவா இருந்திருக்காது. ஆனா 2005-ல வந்த முடிவுகளைப் பாருங்க: இப்படி ஆபரேஷன் பண்ணின 50 பேர்ல 44 பேருக்கு, குறைஞ்சது அஞ்சு வருஷம் கழிச்சும் கேன்சரோட அறிகுறியே இல்லை.

எந்த வயசுல ஆபரேஷன்ங்கிறதையும் இப்போ அந்தக் கண்ணிதான் முடிவு பண்ணுது. 634-னா அஞ்சு வயசுக்குள்ள. புரோட்டீனோட உள்பக்கம் இருக்கிற 918-வது கண்ணியில வர்ற தீவிரமான பிழைன்னா, முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே. ஏற்கெனவே கேன்சர் பரவினவங்களுக்கு, அந்த பெல்லை மட்டும் குறிவெச்சு நிறுத்தற செல்பெர்கேடினிப், ப்ரால்செடினிப்னு ரெண்டு மருந்துகளுக்கு 2020-ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஃப்ரைபர்க் பெண்ணோட குடும்பத்தையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுடலை. தேடிக் கண்டுபிடிச்சு, உயிரோட இருக்கிற உறவினர்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சு, 2007-ல வெளியிட்டாங்க. சிலருக்கு ரெட்ல பிழை இருந்துச்சு. அதே 634. அவங்களுக்கு இப்போ தெரியும், என்ன செய்யணும்னும் தெரியும்.

ஜீன் டெஸ்ட்னாலே ஒரு கெட்ட செய்தி வரப்போகுதுன்னுதான் நமக்குத் தோணும். இந்தக் குடும்பங்கள்ல டெஸ்ட் எடுத்த பிள்ளைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்த பதில் ‘இல்லை’. அவங்க அதுக்கப்புறம் அந்த ஊசிக்குப் போக வேண்டியதில்லை. அவங்க பிள்ளைகளும் போக வேண்டியதில்லை. அந்த வீட்டுக் கிளையில கதை அதோட முடிஞ்சுது.