ராஜபாளையமும் பெரிய எழுத்தும்

ஆங்கில இலக்கணத்தின் முதற்பாடங்களுள் ஒன்று, சிறப்புப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது. அவ்வழக்கமும் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று. 1787-இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பின் கையெழுத்துப்படியில் பொதுப்பெயர்கள் பலவும் பெரிய எழுத்திலேயே தொடங்குகின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் பெயர்ச்சொற்கள் அனைத்திற்கும் அதுவே விதி.

தமிழ் எழுத்தில் பெரிது, சிறிது என்ற வேறுபாடில்லை. ஆயினும் சிறப்புப்பெயரை நம் இலக்கணம் அறியாமலில்லை. தொல்காப்பியர் இயற்பெயர் என்று ஒரு வகையையே வகுத்தார். ஒரே பெயர் இரு திணைக்கும் பொதுவாக வரின், வினையைக் கொண்டு திணையை அறிகிறோம். 'ராஜா வந்தார்' எனில் மனிதர். 'ராஜா வந்தது' எனில் வளர்ப்பு நாய்.

இவ்விரு முறைகளும் தடுமாறும் இடம் ராஜபாளையம். ஊரின் பெயரே நாயினத்திற்கும் பெயராயிற்று. 2005-இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளுள் அதுவும் ஒன்று. 'ராஜபாளையம் வந்தது' என்றால் வந்தது பேருந்து நிறுத்தமா, வெள்ளை நாயா? இரண்டும் அஃறிணை, வினை உதவாது. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் பெரிய எழுத்தே. சூழல் ஒன்றே வழிகாட்டும்.

ஆங்கிலப் பெரிய எழுத்து வேறொரு வழியில் தமிழுக்குள் புகுந்தது. அது தலைப்பெழுத்து. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித்தலைவராக இருந்தவர் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. பட்டப்பெயர் இயற்பெயருக்கு முன்வரும் என்பது தொல்காப்பிய மரபு. இவ்வூரிலோ 'ராஜா' பின்னே வந்து பெயரோடு ஒன்றிவிட்டது. அதனினும் கருதத்தக்கது முன்னே நிற்கும் 'பி. எஸ்.' என்பதே. தமிழில் எழுதும்போதும் நாம் எழுதியவை ஆங்கில எழுத்துகளின் ஒலிகளே. அவற்றுள் 'பி' என்பது பூசபாடி என்னும் குடும்பப்பெயர். 'பூ. ச.' என்றிருப்பின் அப்பெயரின் முதலொலியேனும் நம் காதில் விழுந்திருக்கும்.

தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டுமெனத் தமிழக அரசு 2021-இல் ஆணையிட்டது. இது வெறும் மொழிப்பற்று அன்று என்பது நம் கருத்து. பெரிய எழுத்து 'இது பெயர்' என்று மட்டுமே சொல்லும். யாருடைய பெயர் என்று சொல்லாது. நம் தந்தையரின் பெயரை ஓர் அந்நிய எழுத்தொலிக்குள் சுருக்கிவிட்டால், பேரப்பிள்ளைகள் அதை எங்ஙனம் மீட்பர்?