மழலையும் மொன்ரிசோரியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாலர் பள்ளி எதுவாயினும் மக்கள் அதனை 'மொன்ரிசோரி' என்றே வழங்குவர். ஒரு பெண்மணியின் பெயர் எமது பேச்சில் பொதுப்பெயராகிவிட்டது. பெயர் நிலைத்தது, அதற்குரிய கருத்து நிலைத்ததா என்பதே ஈண்டு எழும் வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரிலே செவிப்புலனற்றோர் நிலையத்து மருத்துவராக விளங்கிய இத்தார் என்பவர், காட்டிலே தனித்துத் திரிந்த, பேச்சறியாச் சிறுவன் ஒருவனுக்கு மொழி பயிற்ற முயன்றார். முயற்சி முற்றாகக் கைகூடவில்லை. ஆயினும் புலன்களைப் பயிற்றுவதே மொழிக்கு வாயில் என்னும் அவரது எண்ணத்தை மாணாக்கர் செகுவின் வளர்த்தெடுத்தார். இவ்விருவர் நூல்களையும் ஆழ்ந்து கற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மொன்ரிசோரி, 1907இல் உரோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பொன்றிலே தமது முதற் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். பேச மாட்டாப் பிள்ளைகளுக்கென எழுந்த முறை பேசும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

அம்முறை மிக எளியது. ஆசிரியை இரு பொருள்களைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, 'இது கரடானது, இது வழுவழுப்பானது' எனப் பெயர் சொல்வார். பின்னர் 'கரடானதைக் காட்டு' என்பார். இறுதியிலேயே 'இது எப்படிப்பட்டது?' என வினவுவார். கேட்டலும் விளங்கலும் முந்த, சொல்லல் பிந்தும். பிள்ளை தவறினால் கடிந்து திருத்தாது, பிறிதொரு வேளை மீண்டும் தொடங்குவார்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மொன்ரிசோரி அம்மையார், போர்க்காலத்தை இந்தியாவிற் கழித்து, 1944இல் கொழும்பிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கன்னங்கரா குழுவின் அறிக்கை, ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைதல் வேண்டும் என வற்புறுத்தியிருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் வீட்டுமொழிக்கு இந்நாட்டில் மதிப்புக் கிட்டிய காலம் அது.

இன்றோ, கொழும்புத் தமிழ்ப் பெற்றோர் சிலர் பாலர் பள்ளி அனுமதியை எண்ணி, தமக்கே சரளமாக வாராத ஆங்கிலத்திற் குழந்தையோடு பேசுகின்றனர். இருமொழி பயில்வதாற் குழந்தையின் பேச்சுத் தடைப்படாது என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. எனவே ஆங்கிலம் குற்றமுடையதன்று. 'வா', 'இரு', 'சாப்பிடு' என்னும் ஏவல்களுக்கு அப்பாற் செல்லாத வறிய பேச்சே குற்றமுடையது. பேத்தியார் கதை சொல்லும் மொழியில், சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைக் கூழும் கொழுக்கட்டையும் கண்முன் இருக்கப் பாடும் மொழியில், சொல் பொருளோடு சேர்ந்தே வருகின்றது. மொன்ரிசோரி கூறியதும் இதுவேயன்றோ?

பேச்சுத் தாமதமுற்ற பிள்ளைக்கு நிபுணர் துணை காலந்தாழ்த்தாது தேவை. களனிப் பல்கலைக்கழகம் 1997இல் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான பயிற்சியைத் தொடங்கியமை இத்துறையில் ஒரு திருப்புமுனை. தமிழ்ப் பிள்ளையைத் தமிழிலேயே சோதித்துத் தமிழிலேயே பயிற்றுவோர் பெருகுதல் வேண்டும். அப்பணிக்கு எம் மாணவர் முன்வருதல் வேண்டும். ஆயினும் நிபுணர் பிள்ளையைக் காண்பது சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீடே பள்ளி. அங்கு பேசப்படும் மொழியே பாடம்.