வயலின் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது?

மட்டாஞ்சேரியில் வயலினின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால், போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது என்ற விடை எளிதில் கிடைத்துவிடும். 1503இல் கொச்சியில் கோட்டை கட்டியவர்கள், 1555இல் மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் அவர்கள்தாமே! ஆனால் இன்று நாம் அறியும் வயலின் இத்தாலியில் உருப்பெற்றதே 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். மேலும், கருவி ஒரு துறைமுகத்தில் இறங்குவதும் அது ஓர் இசைமரபுக்குள் நுழைவதும் ஒன்றல்ல.

கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த வழி சென்னையைச் சுட்டுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில், ஐரோப்பிய இசைஞர் ஒருவரிடம் வயலின் பயின்றார். பின்னர் எட்டயபுரம் அரசவையை அடைந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றது 1834இல். ஒரு தலைமுறைக்குள் அக்கருவி திருவிதாங்கூர் அரசவை வரை சென்றுவிட்டது.

அவர்கள் எப்படி வாசித்தார்கள்? ஐரோப்பாவில் பழங்கால வாசிப்புமுறையை ஆராயும் கலைஞர்கள் குடல்நரம்புத் தந்தி, பழைய வில், அக்காலப் பயிற்சி நூல்கள் ஆகியவற்றைத் துணைக்கொள்கின்றனர். பாலுசுவாமியின் காலத்து வயலினும் குடல்நரம்புத் தந்தி பூண்டதே. நமக்கும் ஒரு பெருநூல் உண்டு: 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. அதன் ஆசிரியர் சுப்பராம தீட்சிதர், பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரன், அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர். கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் தந்த அந்நூல், அவற்றை விளக்கும்போது வீணை வாசிப்பையே அளவுகோலாகக் கொள்கிறது. முதல் வயலின் கலைஞரின் வளர்ப்பு மகன், வயலினின் வில்லைப் பற்றியன்று, வீணையின் மெட்டைப் பற்றிப் பேசுகிறார்!

இதைக் குறையாகக் காண வேண்டியதில்லை. வயலினுக்குத் தனி இலக்கணம் தேவைப்படவில்லை என்பதே இதிலிருந்து நான் பெறும் முடிவு. குரலும் வீணையும் வகுத்த வழியில் அது நடந்தது. அதற்கேற்ப உடலும் மாறியது: கலைஞர் தரையில் அமர்ந்தார், கருவியின் தலைப்பகுதி வலக்கணுக்காலில் ஊன்றியது, அதைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட இடக்கை தந்தியில் தங்குதடையின்றி வழுக்கிச் சென்றது. சுருதியும் ச-ப-ச-ப என மாறியது.

ஆகவே நம் சூழலில் பழைய வாசிப்பை மீட்க விரும்புவோர் குடல்நரம்புத் தந்தியைத் தேடுவதோடு நின்றுவிடலாகாது. அக்காலப் பாடகரின் தொண்டையையும் வீணைக்காரரின் விரலையும் சேர்த்தே ஆராய வேண்டும். மட்டாஞ்சேரிக்கு அண்மையிலுள்ள திருப்பூணித்துறையில் 1928இல் பிறந்த டி. என். கிருஷ்ணன் முதலில் பயின்றது தந்தையிடம். பின்னர் அரியக்குடி, செம்பை, செம்மங்குடி போன்ற பெரும் பாடகர்களுக்குப் பக்கம் வாசித்தே முதிர்ந்தார். கப்பல் கொண்டுவந்தது கருவியை மட்டுமே. வாசிப்பை வளர்த்தது பாட்டின் அருகாமை.