ட்ரெவெல்யனும் அப்பாவின் கடைசி ரிட்டனும்

பிடிஎஃப் திறக்கவில்லை.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பாவின் மேசையில் என் லேப்டாப். திரையில் அப்பாவின் ஆண்டுத் தகவல் அறிக்கை: எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, ஓய்வூதியம் எவ்வளவு வந்தது என்று வருமானவரித் துறைக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த தேதி. நாங்கள் வருஷா வருஷம் பாயசம் வைக்கிற தேதியைப் போட்டேன். தவறு என்றது. மறுபடி போட்டேன். தவறு.

அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "அது வீட்டுத் தேதிடா. ஸ்கூல் தேதியப் போடு."

பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து எழுதிய ஜூன் மாதத் தேதி. போட்டேன், திறந்தது. அரசாங்கத்துக்குத் தெரிந்த அப்பா வேறொரு நாளில் பிறந்தவர்.

அப்பா போன அக்டோபரில் இறந்துபோனார். இறந்தவருக்கும் ரிட்டன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு வாரிசு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஏற்றி, 'சட்டப்படியான வாரிசு' என்று பதிவுசெய்துகொண்டபின் அவருடைய ரிட்டனை என் கணக்கிலிருந்து போடலாம். அவர் வரி பாக்கி வைத்திருந்தால் அதுவும் என் பொறுப்பு. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். சட்டம் அந்த மட்டில் நியாயமாகத்தான் இருக்கிறது.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூலை வந்தால் பாஸ்புக்குகளை மேசையில் பரப்பி, ரிட்டனை முதலில் பென்சிலில் எழுதிப் பார்ப்பார். ஒரு பக்க 'சரல்' படிவம் இருந்த காலத்திலிருந்து எல்லா வருஷத்து நகல்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு வருஷத்தில் 'இதர வருமானம்: சேமிப்புக் கணக்கு வட்டி ரூ. 412' என்று எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்த 412 ரூபாயை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நம்மை நாமே எழுதிக் கொடுக்கும் இந்த வழக்கம் இந்த ஊருக்கு எப்போது வந்தது? யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா?

சொன்னார்கள். முதலில் உரக்கச் சொன்னவர் மெட்ராஸின் கவர்னர்.

1857 கலகத்தை அடக்கிய செலவு இந்திய அரசை பெரும் பற்றாக்குறையில் தள்ளியிருந்தது. நிதியைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் வந்தார். 1843-இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860-இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் அவர் வைத்த பட்ஜெட்டில் இந்தியாவின் முதல் வருமானவரி இருந்தது. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 200-லிருந்து 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். சட்டத்தில் 259 பிரிவுகள். நிலம், தொழில் மற்றும் வியாபாரம், கடன்பத்திர வட்டி, சம்பளம் மற்றும் ஓய்வூதியம் என்று நான்கு அட்டவணைகள். பிரிட்டிஷ் சட்டத்தின் அச்சு.

வில்சன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதுவரை அரசை நடத்தியது நிலவரி கட்டிய குடியானவனும், உப்பை விலைகொடுத்து வாங்கிய கூலிக்காரனும்தான். பெரிய வியாபாரியும் வெள்ளைக்கார அதிகாரியும் நேராக ஒன்றும் கொடுத்ததில்லை. இந்த வரி அவர்களிடமும் கை நீட்டியது.

ஆனால் மெட்ராஸில் 'வரி' என்ற சொல்லுக்கு வேறொரு நினைவு இருந்தது. ஐந்து வருஷம் முன்பு, 1855-இல், சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை வெளிவந்திருந்தது. நிலவரி வசூலிக்க இந்த மாகாணத்தின் கீழ்நிலை வருவாய் ஊழியர்கள் குடியானவர்களை வதைப்பது வழக்கமாகவே இருந்தது என்று அரசு நியமித்த கமிஷனே ஒப்புக்கொண்ட அறிக்கை. இரண்டு தமிழ்ச் சொற்கள் அதில் ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று 'கிட்டி', விரல்களை இடுக்கி நசுக்குகிற மரக்கருவி. இன்னொன்று 'அண்ணுந்தாள்', ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. இந்தக் கொடுமைகள் வெளியே வரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் 'கிரசென்ட்' பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி.

எங்கள் தெருப் பெயரைக் கேட்டு வெளியூர் நண்பர்கள் பாட்டுக் கச்சேரியை நினைப்பார்கள். கச்சேரி என்றால் அந்தக் காலத்தில் அரசு அலுவலகம். அந்த அறிக்கையைப் படித்தபிறகு எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கனமாகிவிட்டது. கச்சேரிக்குப் போய்வந்த தாத்தாக்களின் பேரனிடம் ஒரு தாளை நீட்டி, "உன் வருமானத்தை நீயே எழுது, நாங்கள் சரிபார்க்கிறோம்" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போது கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-இல் வந்தவர். இன்றைய ரிப்பன் மாளிகையைச் சுற்றியிருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சி. வில்சனின் திட்டத்தைக் கேட்டதும் மெட்ராஸ் கவுன்சிலில் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். புது வரி தேவையில்லை, செலவைக் குறைத்தால் போதும், முதலில் ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது வாதத்தின் சாரம். கலகம் ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, மக்களுக்குப் பழக்கமில்லாத வரியை அவர்களைக் கேட்காமல் திணித்தால் ஆபத்து என்றார்.

இதை அவர் ரகசியக் கோப்பில் எழுதிவிட்டு விட்டிருந்தால் வரலாறு மறந்திருக்கும். எழுதியதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கவர்னரே மேலதிகாரிகளின் பட்ஜெட்டை ஊரறிய எதிர்ப்பதா? லண்டனில் இந்திய அமைச்சராக இருந்த சர் சார்லஸ் வுட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மெட்ராஸில் அவர் இருந்தது ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

ட்ரெவெல்யனை நாயகனாக்கிவிட வேண்டாம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் மாண்ட பஞ்சத்தின்போது, லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பணத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் இதே மனிதர்தான். அரசு அதிகம் கொடுக்கக் கூடாது என்று நம்பியவர். ஐரிஷ்காரர்கள் இன்றும் அவர் பெயரைக் கசப்போடு சொல்கிறார்கள். அவரைத் திரும்ப அழைத்த வுட் அந்தப் பஞ்சத்தின்போது அங்கே நிதியமைச்சர். செலவைக் குறை என்பது ட்ரெவெல்யனின் நிரந்தர மந்திரம். அயர்லாந்தில் அது உயிர்களைத் தின்றது. மெட்ராஸில் அதே மந்திரம் எளியவன் பக்கம் பேசியதுபோல ஒலித்தது.

அந்த வருஷத்து மழைக்காலம் விசித்திரமானது. 1860 ஜூலை 24 அன்று வருமானவரிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. இப்போது ஜூலை 24-ஐ வருமானவரி தினமாகக் கொண்டாடுகிறார்கள். ட்ரெவெல்யனுக்குப் பதிலாக மெட்ராஸுக்கு வந்த சர் ஹென்றி வார்டு, ஆகஸ்ட் 2 அன்று காலராவில் இறந்தார். வில்சன் ஆகஸ்ட் 11 அன்று கல்கத்தாவில் சீதபேதியில் இறந்தார். சட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது, அதுவும் ஐந்து வருஷத் தவணையில். கதை அதோடு முடியவில்லை. 1863-இல் ட்ரெவெல்யன் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார், வில்சன் உட்கார்ந்திருந்த அதே நிதி நாற்காலிக்கு. 4 சதவீதத்தை 3 ஆக்கினார். 1865-இல் தவணை முடிந்தபோது வரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

பிறகு அது வேறு வேறு பெயரில் வந்துபோய், 1886-இல் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து வரி. விவசாய வருமானத்துக்கு விலக்கு, அது இன்றைக்கும் தொடர்கிறது. ஆக, பெரிய நிலக்காரர் வெளியே, மாதம் 42 ரூபாய் வாங்கும் குமாஸ்தா உள்ளே.

இந்த முறை வேண்டாம் என்று சொல்ல கவர்னர் இல்லை. 1884 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபை மாநாடு முடிந்தபின், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் சிலர் கூடிப் பேசியதுதான் காங்கிரஸின் விதை என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். விதை இதுதானா என்பதில் வாதம் உண்டு. ஆனால் 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு மெட்ராஸில் கூடியது, தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. அங்கே ஒரு தீர்மானம்: வருமானவரி, முக்கியமாக 1000 ரூபாய்க்குக் கீழே சம்பாதிப்பவர்கள் மேல், மோசமாக நிர்வகிக்கப்படுகிறது, வரம்பை 1000 ஆக்குங்கள். ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்வதும் அந்தக் காலத்துக் காங்கிரஸ் மாநாடுகளின் வழக்கமான பல்லவி. 1860-இல் ஒரு கவர்னர் கேட்டுப் பதவியை இழந்த கேள்வியை, 27 வருஷம் கழித்து அதே ஊரில் ஜனங்கள் தாங்களே கேட்டார்கள். வரம்பு 1000 ஆனது 1903-இல். ஒரு தீர்மானத்துக்கு 16 வருஷம்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அப்பாவோடு போட்ட ஒரு சண்டை ஞாபகம் வந்தது.

முதல் வேலை. ஓஎம்ஆரில் அலுவலகம், வீடு அப்பா வீடு. ஜனவரியில் முதலீட்டு ஆதாரம் கேட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரன் சொன்னான்: "அப்பாகிட்ட வாடகை குடுக்கறதா ரசீது வாங்கிக்கோ மச்சி. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் குடு. எல்லாரும் பண்றதுதான்." பன்னிரண்டு ரசீதுகளை அச்செடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

"நீ எனக்கு வாடகை குடுத்தியா?"

"இல்லப்பா, சும்மா ஒரு கையெழுத்து."

"அப்போ இனிமே குடு, வாங்கிக்கறேன். என் ரிட்டன்ல காட்டறேன். குடுக்காததுக்கு நான் எப்படி கையெழுத்துப் போடறது?"

நான் கத்தினேன். நம் தெருவில் சாக்கடை வழிகிறது, நான் கட்டுகிற வரி எங்கே போகிறது, எத்தனை கோடீஸ்வரர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருக்கிறார்கள் என்று பெரிய பிரசங்கம். அப்பா முழுவதும் கேட்டார். "நீ கேக்கறது சரிதான். அதை அவங்ககிட்ட கேளு. ரசீதுல எழுதாத" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அன்றைக்கு நான் என்னை ட்ரெவெல்யன் மாதிரி நினைத்திருப்பேன், அவர் பெயர் தெரிந்திருந்தால். செலவைக் காட்டு, அப்புறம் கேள். ஆனால் ட்ரெவெல்யன் தன் எதிர்ப்பைப் பத்திரிகையில் போட்டு வேலையை இழந்தார். 1887-இல் கூடியவர்கள் தீர்மானத்தைக் கூட்டத்தின் நடுவே நிறைவேற்றினார்கள். நான் மட்டும்தான் என் எதிர்ப்பைப் பொய் ரசீதுக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தேன். அப்பா என்னைவிட அரசை நம்பியவர் இல்லை. மாநகராட்சிக்கு அவர் எழுதிய புகார் மனுக்களின் நகல்களும் அதே டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன, ரிட்டன்களுக்கு அடியில்.

ஞாயிறு மதியம் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. வங்கி அறிக்கையில் அந்தக் காலாண்டு முழுவதற்குமான வட்டி ஒரே தொகையாக வந்திருந்தது. அப்பா போனது காலாண்டின் நடுவில். இறந்த நாள் வரையிலான வட்டி அவருடைய வருமானம், அதற்குப் பிறகானது எங்களுடையது. மொத்தமே சில நூறு ரூபாய். மூத்த குடிமக்களுக்கு வட்டியில் கிடைக்கும் கழிவுக்குள் எப்படியும் அடங்கிவிடும், வரியில் ஒரு பைசா மாறாது.

"முழுசா அப்பா பேர்லயே போட்டுடேன், என்ன ஆகப்போறது" என்றாள் அம்மா.

மேசை இழுப்பறையில் அப்பாவின் பென்சில் இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாட்களை எண்ணி வகுத்தேன். அவர் உயிரோடு இருந்த நாட்களுக்கான வட்டி ஒரு பக்கம், இல்லாத நாட்களுக்கானது இன்னொரு பக்கம். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு முதல் எண்ணை அவருடைய படிவத்தில் தட்டினேன். கடைசிப் பக்கத்தில், இவையெல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்ற உறுதிமொழி. கீழே 'யாராக' என்ற இடத்தில் வாரிசு என்று இருந்தது. அப்பாவின் பெயருக்கு ஓடிபி வராது. என் கைபேசிக்கு வந்தது.